நகோமியின் வெறுங்கை

(சகோதரிகளுக்கான வேதபாடம்)

வேதபகுதி: ரூத் 1:19–22, 2:17–20, 4:13–17

இந்த மாதப் பாடம் விசேஷமாக நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்காக எழுதப்படுகிறது. இளம் சகோதரிகளும் வாசிக்கலாம். சகோதரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ரூத்தின் புத்தகம் என்றாலே நமக்கு ரூத்தின் ஞாபகம்தான் வருகிறது. கல்யாண ஆராதனையானாலும் வாலிபப் பெண்களின் கூட்டமானாலும் பிரசங்கம் ரூத்தைப் பற்றியே இருக்கும். ஆனால் இந்தப் புத்தகம் தொடங்குவது நகோமியின் குடும்பத்தில். முடியும்போது பிள்ளை இருப்பதும் நகோமியின் மடியில். நடுவில் நடப்பதையெல்லாம் ஒருமுறை அவளுடைய கண்களால் வாசித்துப் பாருங்கள்.

பெத்லகேமில் பஞ்சம். அப்பத்தின் வீடு என்று அர்த்தமுள்ள ஊரிலே அப்பம் இல்லை. புருஷன் எலிமெலேக்கு முடிவெடுத்தான், நகோமி கூடப் போனாள். மோவாபில் புருஷன் மரித்தான். பையன்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனது. ஏறக்குறைய பத்து வருஷத்துக்குள் அவர்களும் மரித்தார்கள். இனி மறுபடியும் ஒரு புருஷனோடு வாழும் வயசு தனக்கில்லை என்று அவளே மருமகள்களிடம் சொல்லுகிறாள் (1:12). சொந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது ஊரே திரண்டு வந்து, நகோமியா இவள் என்று கேட்டது. போகும்போது பார்த்த முகம் இப்போது இல்லை. அப்பொழுதுதான் அவள், இன்பம் என்கிற அர்த்தமுள்ள தன் பெயரை இனிமேல் சொல்ல வேண்டாம், கசப்பு என்று அர்த்தப்படும் மாராள் என்ற பெயரால் கூப்பிடுங்கள் என்கிறாள். போகும்போது எல்லாம் இருந்தது, வரும்போது ஒன்றுமில்லை. இதுதான் அவள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கை அவள் சத்தமாய்ச் சொல்லும்போது பக்கத்தில் நின்றது யார்? ரூத். ஊரையும் ஜனத்தையும் விட்டுவிட்டு, சாகும்வரை உன்னோடுதான் என்று சொல்லி வந்தவள் பக்கத்தில் நிற்கிறாள். நகோமியோ, கையில் ஒன்றுமில்லை என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தெரிகிறதில்லை, அவ்வளவுதான். ரூத் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு மோவாபுக்குத் திரும்பிப் போனதாகவும் வேதத்தில் இல்லை!

இனி நான் எதுக்கு?

நம்ம பக்கத்து ஜீவியத்தைப் பார்ப்போம். ராஜபாளையத்து மில்லிலோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வேலையிலோ, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலையிலோ பாடுபட்ட சகோதரிகள் நம் சபைகளில் எத்தனையோ பேர். வெளி வேலைக்குப் போகாதவர்களுக்கும் வேலை குறைவில்லை. விடியற்காலம் நாலு மணிக்கு எழும்பி, தண்ணி பிடிச்சு, சோறு பொங்கி, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, படுக்கையிலிருந்த மாமியாரைக் கழுவித் துடைச்சு இருபத்தைந்து வருஷம் ஓடியாச்சு. பிறகு பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறான். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாகிறது. மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார்கள். மறுநாளும் நாலு மணிக்கு முழிப்பு வருகிறது. எழும்பி உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமில்லை.

அப்பொழுதுதான் பழைய காரியங்கள் ஒவ்வொன்றாய் எழும்பும். "பத்தாங்கிளாஸ்ல நல்லாத்தான் படிச்சேன், அப்பா நிப்பாட்டிட்டாரு." "எனக்குன்னு ஒரு நாளாவது வாழ்ந்தேனா?" "பிள்ளைகளுக்கு இப்ப நான் போன்ல ரெண்டு நிமிஷம்." கடைசியாக அந்தக் கேள்வி: "இனி நான் எதுக்கு?" விவாகமாகாத சகோதரிகளுக்கும், பிள்ளைப்பேறு இல்லாத சகோதரிகளுக்கும், விதவைகளுக்கும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும். படித்து உத்தியோகத்தில் இருக்கிற டீச்சரம்மாவுக்கும் வரும்.

மேல்நாட்டில் இதற்கு மிட்லைஃப் கிரைசிஸ் என்று பெயர். கனடாவில் பிறந்த எலியட் ஜாக்ஸ் என்ற மனோதத்துவ ஆய்வாளர் 1965-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய பெயர் அது. அவர் அதில் ஆராய்ந்தது பெரும்பாலும் ஓவியர்களையும் கவிஞர்களையும் இசைக் கலைஞர்களையும். டிபன் பாக்ஸ் கட்டினவளை அவர் ஆராயவில்லை. பெயர் புதிது என்றாலும் காரியம் நகோமியின் நாளிலிருந்தே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு சகோதரி தன் மனதைத் திறந்தால் சபையில் என்ன சொல்லுகிறோம்? "ஜெபம் குறைஞ்சிருச்சு சிஸ்டர்" என்கிறோம். "அபிஷேகத்தைப் புதுப்பிச்சுக்கோங்க" என்கிறோம். சில இடங்களில் பொல்லாத ஆவி என்றே தீர்த்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அவள் வாயைத் திறப்பதில்லை. கைதட்டிப் பாடுவாள், கன்வென்ஷனுக்குச் சமையலும் செய்வாள், உள்ளே காய்ந்துகொண்டிருப்பாள். இது நம்முடைய குறை என்றே எழுதத் தோன்றுகிறது.

வேதம் நகோமியை எப்படி நடத்துகிறது என்று கவனியுங்கள். சர்வவல்லவர் தனக்குக் கசப்பைத் தந்தார் என்று அவள் வெளிப்படையாய்ச் சொன்னாள். கர்த்தர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தீர்க்கதரிசி ஒருவரை அனுப்பிக் குற்றம் சாட்டவுமில்லை. இன்னொரு காரியமும் உண்டு. மாராள் என்று கூப்பிடச் சொன்னாளே, அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் அவள் பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு இடத்தில்கூட மாராள் என்று எழுதப்படவில்லை. அடுத்த வசனமே நகோமி என்றுதான் ஆரம்பிக்கிறது. அதே வசனத்தின் கடைசியில், அவள் வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. அழுகிறவள் அந்த வயலைப் பார்க்கவில்லை.

சரீரத்தையும் பார்க்க வேண்டும்

இதைச் சபைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும். நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் உட்பட்ட வயதில் பெரும்பாலான நம் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிறது. அதற்குச் சில வருஷங்கள் முன்பிருந்தே தூக்கம் கெடும், திடீரென்று முகமெல்லாம் அனல் பறக்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும். இது வியாதியுமல்ல, பிசாசுமல்ல. சரீரம் மாறுகிற காலம். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு வருஷம் முழுவதும் நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது ஒரே பேச்சில் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலியாவை நினையுங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினி இறங்கக் கண்டவர் பிறகு சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டார். கர்த்தருடைய தூதன் முதலில் செய்தது என்ன? பிரசங்கமா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் தேவசத்தம் கேட்டதும் புதிய வேலை கிடைத்ததும் அதற்குப் பிறகுதான். வாரக்கணக்கில் எதிலும் பிரியமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிற சகோதரிகள் ஜெபத்தோடு கூட வைத்தியமும் பெறவேண்டும். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். இது அவிசுவாசம் ஆகாது.

நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவர்

எழுப்புதல் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டையில் அருளப்பன் உபதேசியார் ஊழியம் செய்த நாட்களில், 1860-ல், ஆவியானவர் பலமாய் அசைவாடினார் என்பதை முதிர்ந்த விசுவாசிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு 45 வருஷம் கழித்து, 1905-ல், மகாராஷ்டிரத்தில் புனேயிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கேடகாவ் என்ற கிராமத்தில் இன்னொரு எழுப்புதல் எழும்பியது. அமெரிக்காவில் அசூசா வீதிக் கூட்டங்கள் தொடங்கியது 1906 ஏப்ரலில். கேடகாவ் அதற்கு முந்தினது. அந்த எழுப்புதல் வந்தது பெண்கள் விடுதி ஒன்றில். அதை நடத்தினவர் பண்டித ரமாபாய்.

அவருடைய ஜீவியத்தை நடுவயதிலிருந்து பார்ப்பது நமக்குப் பிரயோஜனம். 1858-ல் பிறந்தார். சமஸ்கிருத பண்டிதரான தகப்பனோடு தேசமெங்கும் நடந்தே திரிந்தார். 1874-ல் சென்னை மாகாணத்தில் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தார். 1880-ல் கல்யாணம், 1882-ல் காலரா கணவரைக் கொண்டுபோனது. கையில் மனோரமா என்ற பெண் குழந்தை. டாக்டராக வேண்டும் என்று 1883-ல் இங்கிலாந்து போனார். காது மந்தமாகிக்கொண்டிருந்ததால் அந்த வழி அடைபட்டது. அந்த வருஷமே ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் மதத்தைக் கண்டுபிடித்தும் கிறிஸ்துவைக் கண்டுபிடிக்கவில்லை என்று உணர்ந்து அவர் மனந்திரும்பியது அதற்கும் எத்தனையோ வருஷம் கழித்து. 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் தொடங்கினார். 1896–97 பஞ்சத்தில் மத்திய இந்தியாவுக்குப் போய் அநாதையான பெண்களை நூற்றுக்கணக்கில் கூட்டி வந்தார். அதிலிருந்து உண்டானதுதான் கேடகாவின் முக்தி மிஷன்.

1905 ஜனவரியில் ஏறக்குறைய எழுபது பேர் தினமும் கூடி எழுப்புதலுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். ஜூன் கடைசியில் ஆவியானவர் இறங்கினார். பஞ்சத்திலே பொறுக்கியெடுக்கப்பட்ட, எழுத்தறியாமல் வந்த பெண்கள் குழுக்களாய்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள்.

ரமாபாய்க்கு அப்போது 47 வயது. எழுப்புதல் பெயரை வைத்து அவர் ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்து புகழ் தேடியிருக்கலாம். அந்தக் காலத்தில் அவர் கையிலெடுத்த புதிய வேலையோ எபிரெய எழுத்தும் கிரேக்க எழுத்தும்! அன்றிருந்த மராத்தி வேதாகமம் சாதாரணப் பெண்களுக்குப் புரியாத சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்தது என்று அவர் பாரப்பட்டார். தாமே அந்தச் சமஸ்கிருதத்தில் பண்டிதர் என்பதை மறக்கவேண்டாம். கிராமத்துப் பெண் வாசித்தால் விளங்குகிற மராத்தியில் மூலபாஷையிலிருந்து மொழிபெயர்க்கத் தீர்மானித்தார். விடுதிப் பெண்களே அச்சுக் கோத்தார்கள், அச்சடித்தார்கள். பதினேழு பதினெட்டு வருஷப் பிரயாசம். 1921-ல் மகள் மனோரமா தாய்க்கு முன்னே மரித்தாள். அதற்குப் பிறகும் அச்சுத் திருத்தம் பார்ப்பதை ரமாபாய் விடவில்லை. வேலையை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5-ல் நித்திரையடைந்தார்.

நம்ம கூட்டங்களில் நடுவயதுச் சகோதரிகளுக்கு வருகிற தீர்க்கதரிசனங்கள் பெரும்பாலும் தேசங்களைப் பற்றியவை. ரமாபாய்க்குப் புதிய தேசம் கிடைக்கவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த பெண்களுக்காக, ஒரு பாடப்புத்தகமும் மேஜையும் கிடைத்தது. தாம் ஏற்கெனவே அறிந்திருந்த பாஷைப் புலமை அதற்கு உதவியது. மந்தமான காது அதற்குத் தடையாயில்லை.

அவரோடு வேலை செய்த மின்னி ஏப்ரம்ஸ் அம்மையாரையும் சொல்லவேண்டும். 1887-ல் மெதடிஸ்ட் மிஷனெரியாய் பம்பாய் வந்தவர். விவாகமாகாதவர். நாற்பது வயதையொட்டி, பழக்கமான வேலையை விட்டுவிட்டு முக்திக்கு வந்தார். எழுப்புதலைப் பற்றி 1906-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். சிலி தேசத்தில் மிஷனெரியின் மனைவியாய் இருந்த மே ஹூவர் என்ற தம் பழைய வகுப்புத் தோழிக்கு அதை அனுப்பினார். அங்கே 1909-ல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் தொடங்க அது ஒரு காரணமாயிற்று. ஒரு புத்தகம், ஒரு தபால் கவர், ஒரு சிநேகிதியின் விலாசம்!

மனம் இருந்தும் சரீரம் ஒத்துழைக்காத சகோதரிகள், நமக்குக் கிட்டத்திலுள்ள டோனாவூரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் கீழே விழுந்தபோது 63 வயது. அதற்குப் பிறகு 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான். அந்த அறையிலிருந்து எழுதின புத்தகங்கள் பல.

நகோமி என்ன செய்தாள்?

ரூத் கதிர் பொறுக்கிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் நகோமி கேட்ட கேள்வி, இன்றைக்கு எங்கே வேலை செய்தாய் என்பது. தன் துக்கத்தை விட்டு இன்னொருத்தியின் நாளைப் பற்றி அவள் விசாரிக்கிறாள். போவாஸ் என்ற பெயரைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ விழிக்கிறது. அவர் நமக்கு உறவு, மீட்கும் உரிமையுள்ளவர் என்று சொல்லுகிறாள். இந்த விஷயம் ரூத்துக்குத் தெரியாது. உறவுமுறையும் ஊர் வழக்கமும் சட்டமும் நகோமிக்குத்தான் தெரியும். வயதுதான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வெறுங்கை என்று சொன்னவள் கையில் இந்த அறிவு இருந்தது.

கடைசியில் ஓபேத் பிறந்தான். பெற்றவள் ரூத். வளர்த்தவள் நகோமி. அயல்வீட்டுப் பெண்களே பிள்ளைக்குப் பெயரிட்டார்கள், நகோமிக்கு மகன் பிறந்தான் என்றே சொன்னார்கள். ஆனாலும் மரித்த மக்லோனும் கிலியோனும் திரும்பி வரவில்லை. ஓபேத்தைத் தூக்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வந்திருக்கும். ஓபேத்தின் பேரன் தாவீது ராஜாவாகப்போவதும் அவளுக்குத் தெரியாது.

சில யோசனைகள்

முதலில் புருஷனிடமோ நம்பிக்கையான ஒரு சகோதரியிடமோ உள்ளதைச் சொல்லுங்கள். "அவர்கிட்டச் சொன்னா சிரிப்பாரு" என்று நீங்களே முடிவு பண்ணவேண்டாம். சகோதரர்களே, அவள் சொல்லும்போது டிவியை நிறுத்துங்கள். "உனக்கென்ன குறை வச்சேன்" என்பது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல.

உணர்ச்சிவசப்பட்ட நேரத்தில் பொருத்தனை பண்ணவோ, நகையைக் கழற்றிக் கொடுக்கவோ, வீட்டை விட்டு முழுநேர ஊழியம் என்று கிளம்பவோ வேண்டாம். கர்த்தர் அழைத்தால் ஆறு மாதம் கழித்தும் அழைப்பார்.

பிறகு, கையில் இருப்பதை எண்ணுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல் தடுமாறுகிற இளம் தாய்மார் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். மாமியாரை நாலு வருஷம் கவனித்தவளுக்கு ஒரு நர்ஸுக்குத் தெரிவதில் பாதி தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள், வேதாகமத்தைக் காதால் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று அரசாங்கமே தன்னார்வலர்களைக் கொண்டு நடத்துகிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பை முடிக்காத ஆசை இன்னும் இருந்தால் தனித்தேர்வராய் எழுதலாம், வயது தடையில்லை. அதை ஊழியம் என்று பெயரிட்டு நியாயப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. படிக்க ஆசை, படிக்கிறேன் என்றால் போதும்.

தீத்து 2:3–5-ல் முதிர்வயதுள்ள பெண்கள் இளம் பெண்களுக்குப் போதிக்கிறவர்களாய் வைக்கப்பட்டிருக்கிறார்கள். சபையார் இதை யோசிக்கவேண்டும். ஐம்பது வயதுச் சகோதரியிடம் நாம் இதுவரை எதைக் கேட்டிருக்கிறோம்? கன்வென்ஷன் சமையல், பாய் விரித்தல், காணிக்கைப் பை. ஞாயிறு பள்ளி வகுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். வீட்டுச் சந்திப்புக்கு அனுப்பலாம். சபைக் கணக்கையும் பார்க்கச் சொல்லலாம். இருபத்தைந்து வருஷம் மில் சம்பளத்தில் குடும்பம் நடத்தினவளுக்குக் கணக்குத் தெரியாதா என்ன!

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கலந்து பேச

மாராள் என்று உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட பெயர் என்ன? நீங்கள் வெறுங்கை என்று சொன்ன நாளில் பக்கத்தில் நின்றவர் யார்? இருபது வயதில் தெரியாமல் இப்போது தெரிந்திருக்கிற காரியங்கள் எவை? மூன்றையாவது எழுதுங்கள். அவற்றில் ஒன்று இந்த மாதமே யாருக்கு உதவும்?

வரும்போது வேதாகமத்தோடு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் சொல்லட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும்.